பாரம் தாங்கும் கல்லில் கதை: ஓத்தன் பேராலயத்தைப் பார்க்கும் முறை

ஐரோப்பாவின் பழைய தேவாலயம் ஒன்றுக்குள் முதல் தடவை நுழைபவருக்குத் தலை சுற்றும். எங்கு பார்த்தாலும் தூண், வளைவு, சிலை. எதை முதலில் பார்ப்பது, எது முக்கியம் என்று பிடிபடாது. பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிரமாண்டமாக இருக்கிறது" என்று சொல்லி வெளியே வந்துவிடுவோம். அந்தத் திகைப்பைத் தீர்க்க ஒரு சின்னக் கேள்வி போதும்: இந்தக் கட்டடத்தின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? அந்த வழியைக் கண்ணால் பின்தொடர்ந்து போனால் சிற்பங்கள் தாமாகவே எதிர்ப்படும். 12ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிற்பிகள் சுவரில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் எல்லாம் செதுக்கிவிடவில்லை. தூணும் வளைவும் சந்திக்கும் இடம், கதவின் மேல்பகுதி என்று கட்டடம் வேலை செய்கிற மூட்டுகளில்தான் அவர்கள் கதை சொன்னார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்த இடம், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள ஓத்தன் நகரத்தின் புனித இலாசர் பேராலயம். பாரிஸ் நோத்ர்தாம் போல உலகப் புகழ் இதற்கு இல்லை. ஆனால் கல்லும் கதையும் எப்படிச் சேர்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடங்கள் குறைவு.

இலாசர் யார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். இறந்து நான்கு நாளான பின் இயேசு கல்லறையிலிருந்து உயிரோடு எழுப்பியவர். மார்த்தா, மரியா என்ற சகோதரிகளின் உடன்பிறந்தவர். அவருடைய எலும்புகள் தங்களிடம் இருப்பதாக ஓத்தன் மக்கள் நம்பினார்கள். புனிதர்களின் உடலில் எஞ்சியதைத் திருப்பண்டம் என்பார்கள். அந்தக் காலத்தில் திருப்பண்டம் இருந்த ஊருக்குத் திருப்பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதே பர்கண்டியில் உள்ள வெஸலே ஊரில் மகதலா மரியாளின் திருப்பண்டம் இருப்பதாகச் சொல்லப்பட்டு, அங்கே கூட்டம் அலைமோதியது. மகதலா மரியாளும் இலாசரின் சகோதரி மரியாவும் ஒருவரே என்பது அன்றைய மேற்குத் திருச்சபையின் நம்பிக்கை. தங்கை இருக்கும் ஊருக்குப் போகிறவர்கள் அண்ணன் இருக்கும் ஊருக்கும் வரமாட்டார்களா? 1120 வாக்கில் ஆயர் எத்தியென் த பாஜே காலத்தில் புதிய ஆலயத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1146இல் திருப்பண்டங்கள் இதற்குள் கொண்டுவரப்பட்டன. இவ்வளவு பெரிய ஆலயத்துக்கு இது வேகம்தான்.

இனி பாரத்துக்கு வருவோம்.

இந்தக் கட்டடப் பாணிக்கு ரோமனெஸ்க் என்று பெயர். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. பழைய ரோமானியர் கட்டியதைப் போன்ற கனத்த சுவர், வளைவு, கல் கூரை ஆகியவற்றால் பின்னாளில் வந்த பெயர் இது. முந்தைய ஆலயங்கள் பலவற்றில் கூரை மரம்தான். ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தாலும் மின்னல் விழுந்தாலும் மொத்தமும் போய்விடும். கல்லால் கூரை போட்டால் தீப்பிடிக்காது. பாடும் குரலும் நன்றாக எதிரொலிக்கும். சிக்கல் எடையில்தான்.

ஒரு பீப்பாயை நெட்டாகப் பிளந்து கவிழ்த்து வைத்ததுபோல நீளமான கல் கூரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதைப் பீப்பாய்க் கூரை என்று சொல்லலாம். கட்டும்போது அடியில் மரத்தால் சாரம் அமைப்பார்கள். நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்கிறார்களே, அதே வேலைதான். அதன் மேல் ஆப்பு வடிவக் கற்களை இருபுறமிருந்தும் அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் கடைசிக் கல்லைச் செருகுவார்கள். பிறகு சாரத்தைப் பிரிக்கலாம். ஒவ்வொரு கல்லும் விழப்பார்த்து, பக்கத்துக் கல்லைத் தள்ளி, அதிலேயே சிக்கி நிற்கும். அந்தத் தள்ளல் கடைசியில் எங்கே போகும்? இருபக்கச் சுவருக்கு. கூரை சுவரைக் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, வெளிப்பக்கமாகவும் உதைக்கிறது. இரண்டு உள்ளங்கைகளைக் கூரை மாதிரி சாய்த்து வைத்து மேலிருந்து யாரையாவது அமுக்கச் சொல்லுங்கள், முழங்கைகள் விலகும். அதுதான் நடக்கிறது.

ஆகவே ரோமனெஸ்க் சுவர்கள் தடித்திருக்கும், ஜன்னல் சிறுத்திருக்கும். சுவரில் பெரிய ஓட்டை போட்டால் உதையைத் தாங்காது. இந்த ஆலயங்களுக்குள் நிலவும் அரையிருட்டுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஓத்தன் கட்டியவர்கள் இன்னொரு உபாயம் செய்தார்கள். கூரையை முழு வட்டத்தின் பாதியாக வளைக்காமல், உச்சியில் கூராக முடியும்படி கட்டினார்கள். வளைவு கூரானால் எடை அதிகமாகக் கீழே இறங்கும், பக்கவாட்டு உதை குறையும். அதனால் கூரைக்குச் சற்றுக் கீழே சிறு ஜன்னல் வரிசை ஒன்றை வைக்கும் தைரியம் வந்தது. இந்த உத்தி அவர்கள் பக்கத்திலிருந்த க்ளூனி மடத்திடமிருந்து கற்றது. 1088இல் தொடங்கிய க்ளூனியின் பெரிய ஆலயம் அந்நாளில் மேற்கத்தியக் கிறிஸ்தவ உலகிலேயே மிகப் பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை இடித்துக் கல் கல்லாக விற்றுவிட்டார்கள். ஒரு சிறு பகுதி மட்டும் மிச்சம். அந்த ஆலயத்தின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்று உணர விரும்புகிறவர் ஓத்தனுக்குத்தான் வரவேண்டும்.

உள்ளே நின்று நடுக்கூடத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று அடுக்குத் தெரியும். கீழே பக்கக் கூடத்துக்குத் திறக்கும் கூர்வளைவுகள். நடுவில், சுவரை ஒட்டிய குட்டி வளைவு வரிசை. அது பெரும்பாலும் அடைத்த சுவர்தான், நடக்கும் வழி இல்லை. மேலே ஜன்னல். அந்த நடு அடுக்கை நான் பல படங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. ஓத்தன் நகரமே ரோமப் பேரரசர் அகஸ்துஸ் காலத்தில் நிறுவப்பட்டது. ரோமானியர் கட்டிய ஆரூ வாசல் இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளத்தில் ஒரு வளைவு வரிசை. வளைவுகளுக்கு இடையே நெடுக்கு வரிப்பள்ளம் போட்ட தட்டையான தூண்கள். அதே வரித் தூண்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து இந்த ஆலயத்துக்குள் வந்துவிட்டன. மற்ற ரோமனெஸ்க் ஆலயங்களில் உருண்டைத் தூண்கள் இருக்கும் இடத்தில் இங்கே இந்த வரித் தூண்கள். ஊர்க்காரர்கள் தினமும் கடந்துபோன வாசலைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கொத்தர்கள்!

கூரையைக் கூராக்கியும் உதை முழுக்க அடங்கவில்லை. சுவர்கள் மெல்ல வெளியே சாயத் தொடங்கியதால், பின்னாளில் வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும் பறக்கும் வளைவுகளைச் சேர்த்தார்கள். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வரலாறுதான்.

இப்போது கூரையிலிருந்து பாரத்தோடு கீழே இறங்கி வாருங்கள். வளைவு முடிந்து தூண் தொடங்கும் இடத்தில் ஒரு கல் இருக்கும். மேலே அகலம், கீழே குறுகல். அகலமான வளைவின் எடையைக் குறுகிய தூணுக்குக் கைமாற்றிக் கொடுப்பது அதன் வேலை. நம் சிற்ப மரபில் தூணின் தலையில் வைக்கும் கல்லைப் போதிகை என்கிறோம். அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறேன். எந்தக் கல் கட்டடத்தில் மிகவும் பாடுபடுகிறதோ அந்தக் கல்லில்தான் ஓத்தனின் மிக மென்மையான சிற்பங்கள் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இயேசு பாலனைக் காண வந்த மூன்று ஞானிகளின் கனவு. ஏரோது அரசனிடம் திரும்பிப் போகவேண்டாம் என்று அவர்களுக்குக் கனவில் எச்சரிக்கை வந்ததாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. இந்த ஒரு வரியை ஒரு சிறு கல்லில் எப்படிக் காட்டுவது? சிற்பி மூன்று பேரையும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள் படுக்க வைத்துவிட்டார். தூங்கும்போதும் தலையில் கிரீடம். போர்வை பெரிய அரைவட்டமாக மடிப்பு மடிப்பாக விரிந்து மூவரையும் மூடுகிறது. கட்டிலை மேலிருந்து பார்ப்பதுபோலக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் நிற்கும் வானதூதரையோ நேரே நின்று பார்ப்பதுபோலக் காட்டியிருக்கிறார். இரண்டு பார்வை ஒரே கல்லில். கண் அதைத் தவறு என்று நினைப்பதே இல்லை, ஏனென்றால் கவனம் முழுக்க இன்னோர் இடத்துக்குப் போய்விடுகிறது: போர்வைக்கு வெளியே கிடக்கும் ஒரு ஞானியின் கையை வானதூதர் ஒற்றை விரலால் தொடுகிறார். தட்டி எழுப்பவில்லை, உலுக்கவில்லை. தூங்கும் குழந்தையைத் தாய் தொடுவதுபோல ஒரு தொடல். தொடப்பட்ட ஞானியின் கண் மட்டும் திறந்திருக்கிறது. மற்ற இருவர் இன்னும் தூக்கத்தில். வானதூதரின் மறுகை விண்மீனைச் சுட்டுகிறது. விழித்த அந்தக் கணத்தையே கல் பிடித்து வைத்திருக்கிறது.

இதே கைவண்ணத்தில் எகிப்துக்குத் தப்பி ஓடும் காட்சியும் உண்டு. கழுதை மேல் மரியாவும் குழந்தையும், முன்னால் சூசை. கழுதையின் காலடியில் வட்ட வட்டமாக அலங்காரம். அது சக்கரம் பூட்டிய மரக் கழுதையை நினைவூட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். குருத்து ஞாயிறு பவனியில் அப்படிப்பட்ட மரக் கழுதையை இழுத்துச் செல்லும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. இன்னொரு போதிகையில் யூதாஸ் தூக்கில் தொங்குகிறான். இருபுறமும் இரண்டு பேய்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கின்றன. ஞானிகளின் கனவைச் செதுக்கிய மரபுதான் இந்தக் கோரத்தையும் செதுக்கியது என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 19ஆம் நூற்றாண்டில் கோபுரத்தைத் தாங்கும் தூண்களைப் பலப்படுத்தியபோது, அங்கிருந்த போதிகைகள் பலவற்றைக் கழற்றி, பதிலுக்குப் பிரதிகளை வைத்தார்கள். ஞானிகளின் கனவு உட்பட அந்த அசல் கற்கள் இப்போது ஆலயத்தோடு சேர்ந்த குருக்களின் பழைய கூட்ட அறையில் இருக்கின்றன. தூணின் உச்சியில் கழுத்து வலிக்கப் பார்க்கவேண்டியதை அங்கே கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். ஆலயத்தை மட்டும் சுற்றிவிட்டு இந்த அறையைத் தவறவிடாதீர்கள்.

இனி வாசல். அகலமான கதவுக்கு மேலே இருக்கும் சுவரைத் தாங்க என்ன செய்வோம்? லிண்டல் போடுவோம். கல் லிண்டல் நீளமாக இருந்தால் நடுவில் விரிசல் விடும். அதற்கு இரண்டு மாற்று. கதவின் நடுவே ஒரு தூணை நிறுத்தி லிண்டலுக்கு முட்டுக் கொடுப்பது ஒன்று. லிண்டலுக்கு மேலே ஓர் அரைவட்ட வளைவு கட்டி, சுவரின் எடையை இரு பக்கமும் திருப்பிவிடுவது மற்றொன்று. வளைவு எடையை எடுத்துக்கொள்வதால், வளைவுக்கும் லிண்டலுக்கும் நடுவே அரைநிலா வடிவில் ஓர் இடம் சும்மா கிடைக்கிறது. இதற்கு டிம்பனம் என்று பெயர். ஆலயத்துக்குள் வருகிற ஒவ்வொருவரும் தலை நிமிர்ந்து பார்க்கிற இடம். ரோமனெஸ்க் சிற்பிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய திரை இதுதான்.

ஓத்தன் மேற்கு வாசலின் டிம்பனம் ஆறு மீட்டருக்கு மேல் அகலம். அதில் பொதுத்தீர்வை: உலகம் முடியும் நாளில் இறந்தவர்கள் எழுந்து நியாயத்தீர்ப்புப் பெறும் காட்சி. நடுவே கிறிஸ்து, பாதாம் வடிவ ஒளிவட்டத்துக்குள், இரு கைகளையும் விரித்து அமர்ந்திருக்கிறார். மற்ற எல்லாரையும்விடப் பல மடங்கு பெரியவர். எவர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு பெரிய உருவம். அளவை வைத்தே யார் யார் என்று எழுத்தறியாதவருக்கும் புரிந்துவிடும். அவருடைய வலப்பக்கம் மோட்சம், இடப்பக்கம் நரகம். நம் பார்வைக்கு இடம் வலமாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

நரகப் பக்கத்தில் ஒரு தராசு. ஆன்மாவை எடை போடுகிறார்கள். ஒரு புறம் அதிதூதர் மிக்கேல், மறு புறம் எலும்பும் நரம்புமாக நெடிய பேய். தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. மிக்கேலின் அங்கி மடிப்பைப் பிடித்துக்கொண்டு குட்டி ஆன்மாக்கள் ஒளிந்து நிற்கின்றன, அம்மாவின் சேலைத் தலைப்பில் ஒளியும் பிள்ளைகள் மாதிரி. மோட்சப் பக்கத்திலோ ஒரு வானதூதர் ஓர் ஆன்மாவைக் கீழிருந்து தூக்கி, வளைவுகள் கொண்ட மாளிகைக்குள் நுழைத்துவிடுகிறார்.

லிண்டலில் வரிசையாகச் சிறு மனிதர்கள், கல்லறைகளிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். இடது பாதியில் இரண்டு திருப்பயணிகள்; உடம்பில் துணியில்லை, ஆனால் தோளில் பை மட்டும் இருக்கிறது. ஒரு பையில் சிலுவை: எருசலேம் போய் வந்தவர். மறு பையில் சிப்பி: ஸ்பெயினின் சந்தியாகோ போய் வந்தவர். இந்த வாசலுக்கு நடந்து வந்த திருப்பயணி தன்னையே அங்கே பார்த்திருப்பான். வலது பாதியில் கழுத்தில் பணப்பை தொங்கும் கருமி, பாம்புகள் கடிக்கும் ஒரு பெண். அவர்களுக்கு நடுவே ஒருவனின் தலையை, மேலிருந்து நீண்டு வரும் இரண்டு ராட்சதக் கைகள் கவ்வுகின்றன. கைகளுக்கு உரியவன் லிண்டலில் இல்லை. கை மட்டும். எனக்கு இந்த டிம்பனத்திலேயே மிகவும் நடுங்க வைப்பது இந்த இரண்டு கைகள்தான். அந்தப் பக்கத்தில் லத்தீனில் பொறித்திருப்பதன் கருத்து: மண்ணுலகப் பிழையில் கட்டுண்டவர்களை இந்தப் பயங்கரம் பயமுறுத்தட்டும், நடக்கப்போவது இப்படித்தான் என்று இந்த உருவங்களின் கோரம் காட்டுகிறது.

தீர்ப்பைச் சுற்றி ஓடும் வெளி வளைவில் வேறோர் உலகம். வட்டம் வட்டமாக ராசிச் சின்னங்களும் பன்னிரண்டு மாத வேலைகளும்: குளிருக்கு நெருப்பருகே கால் காய்பவன், திராட்சை அறுவடை செய்பவன், பன்றிக்குத் தீனி தேடுபவன். நடுவில் காலத்தின் முடிவு, ஓரத்தில் வருடந்தோறும் வந்துபோகும் காலம்.

கிறிஸ்துவின் பாதத்துக்குக் கீழே இன்னொரு வரி: "கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தார்". பெரும்பாலோர் இதைச் சிற்பியின் பெயர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இது வேலைக்குப் பணமும் ஆதரவும் தந்த பிரபு வம்சத்தாரின் பெயராக இருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எனக்கு முதல் கருத்தில்தான் மனம் நிற்கிறது. ஆனால் அந்த மூன்று லத்தீன் சொற்களைத் தாண்டி அவரைப் பற்றி வேறு எதுவும் நம்மிடம் இல்லை.

இவ்வளவும் நமக்கு மிஞ்சியது ஒரு விபரீதத்தால். 1766இல் பேராலயக் குருக்களுக்கு இந்தச் சிற்பங்கள் நாகரிகமற்றவையாகத் தோன்றின. இலாசரின் பளிங்குக் கல்லறையை இடித்தார்கள். வடக்கு வாசலின் சிற்பங்களைப் பெயர்த்தார்கள். மேற்கு டிம்பனத்தின் மேல் சுண்ணச் சாந்து பூசி, மட்டமாக மூடிவிட்டார்கள். கிறிஸ்துவின் தலை சாந்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் அதை உடைத்து எடுத்தார்கள். அடுத்த தலைமுறையில் புரட்சி வந்தது. பிரான்ஸ் முழுவதும் ஆலய வாசல்களில் சுத்தியல் விழுந்தது. ஓத்தன் வாசலில் உடைக்க ஒன்றும் தெரியவில்லை, வெறும் பூச்சுச் சுவர். 1837இல் அந்தப் பூச்சை அகற்றியபோது உள்ளே பொதுத்தீர்வை ஏறக்குறைய முழுமையாக இருந்தது. தலை மட்டும் இல்லை. அது நகரின் ரோலன் அருங்காட்சியகத்தில் வேறு கற்களோடு கிடந்தது. 1948இல் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார்கள், கழுத்தில் சரியாக உட்கார்ந்தது.

வடக்கு வாசலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் லிண்டலில் ஆதாமும் ஏவாளும் இருந்தார்கள். 1856இல் ஊரில் ஒரு வீட்டை இடித்தபோது சுவருக்குள் ஏவாள் கிடைத்தாள். வெறும் கட்டுக் கல்லாக அடுக்கியிருந்தார்கள். இன்று அவளும் ரோலன் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். கல் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் உயரம். லிண்டல் என்பதால் நின்ற உருவத்துக்கு இடமில்லை. அந்த நெருக்கடியையே சிற்பி வரமாக்கிக்கொண்டார்: ஏவாள் பாம்பைப் போலத் தரையோடு நீண்டு, முழங்கால் ஊன்றி, செடிகளுக்கு நடுவே நழுவிப் போகிறாள். பின்னால் நீண்ட இடக்கை, தான் திரும்பிப் பார்க்காமலே கனியைப் பற்றுகிறது. அந்தக் கிளையை வளைத்துக் கொடுப்பது ஒரு கூரிய நகம். கல்லின் ஓரத்தில் பேயில் மிஞ்சியது அவ்வளவே. வலக்கையைக் கன்னத்தருகே குவித்து, எதிரே இருப்பவரிடம் ஏதோ குசுகுசுக்கிறாள்.

எதிரே இருந்த ஆதாமின் கல் இன்றுவரை கிடைக்கவில்லை.